இன்னும் ஒரு பூச்சு

வாங்க தம்பி, வாங்க. செருப்பு இருக்கட்டுமுங்க, அப்படியே வாங்க. இல்லையில்ல, கழட்டிருங்க, மண்ணு வந்துரும். நீங்க மேல் ஊட்டுக்காரருதானே? லிஃப்டுல பாத்திருக்கறேன், கைக்கொழந்தையோட. என்னமோ சொல்லோணும்னீங்க. சொல்லலாமுங்க, என்ன அவசரம்? மொதல்ல உக்காருங்க. ஃபேன் மட்டும் போட முடியாது, தூசி கெளம்பும். ஜன்னலும் அப்படித்தான். சித்தெ வேர்த்தாலும் பொறுத்துக்கோங்க.

கார் பாக்கத்தானே வந்தீங்க? எனக்குத் தெரியுமுங்க. வாட்ச்மேன் சொல்லியிருப்பாப்ல. அவுருகிட்ட ஒருக்கா காட்டுனேன், அன்னைக்கிருந்து பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கறாப்ல, ரெண்டாம் மாடியில ஒரு பெருசு கார் பண்ணுதுன்னு. ஒருத்தரும் வந்து பாத்ததில்ல. நீங்கதான் மொத ஆளு.

இதாங்க. தொடாதீங்க, கண்ணுல பாருங்க. அமெரிக்காக் கார், டாட்ஜ் சேலஞ்சர், எழுபதாம் வருசத்து மாடல். இந்த மாதிரி வண்டிக்கு அங்க மசில் காருன்னு பேரு. மூஞ்சியப் பாருங்க, சண்டைக்கு நிக்கறவனாட்டம். பானெட்டு நீளத்தைப் பாருங்க. உள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின். அசல் வண்டி பெட்ரோலத் தண்ணியாட்டக் குடிக்குமாமா. அந்த அசல் வண்டி நீளத்தை இருபத்துநாலு பங்கு போட்டா அதுல ஒரு பங்கு இது. ஒரு சாணுக்குள்ள அடங்கிரும்.

பொம்மைன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா எனக்குக் கோவம் வந்துரும். இது வண்டி. சின்ன வண்டி, அவ்வளவுதான். பானெட்டைத் தூக்குனா எஞ்சின் இருக்குது. அதுல ஒவ்வொரு ஒயரும் எங்க போகோணுமோ அங்கதான் போகுது. என்ற சம்சாரத்துகிட்டக்கூட அதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இது வண்டி, இது வண்டின்னு.

அவ ஓசூர் போயிருக்கறாளுங்க, பொண்ணு ஊட்டுக்கு. வந்துருவா. கார் வேலை முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லியிருக்கறா.

என்ற பேரு நாச்சிமுத்து. பம்பு கம்பெனில இன்ஸ்பெக்சன்ல இருந்தேன். என்ற டேபிளுக்கு வராம ஒரு பம்பு வெளிய போகாது. இது ஆகும், இது ஆகாதுன்னு சொல்றதுதான் வேலை. ஆகும்னு சொல்றது கொஞ்சந்தானுங்க. ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டாங்க. மாலையில நாரு வெளிய தெரியுதேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிப்புக்குச் சொல்லலீங்க.

அப்புறம் ஊட்டுல உக்காந்தாச்சு. சும்மா இருக்க முடியுங்களா? சுலோச்சனாவுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு சமையக்கட்டுப் பக்கம் போனேன். சுலோச்சனாங்கறது என்ற சம்சாரம். தோசை ஒரு ஓரம் தடிமன் எச்சு. கடுகு டப்பாவும் மொளகு டப்பாவும் ஒரே அளவுல இருந்தா கை மாறாதுங்களா? பொரியலுக்குக் காய் நறுக்கறா, ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. நல்லதுக்குத்தானே எடுத்துச் சொன்னேன். ஒருநாள் கரண்டிய என்ற கையில குடுத்துட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டாளுங்க. எதுக்குப் போனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வடகம் காயப் போடற காலமும் இல்ல அது.

அப்பத்தான் பொண்ணு நித்யகலா இந்தக் கார் பெட்டிய வாங்கி அனுப்புச்சு. மாப்ள சொன்னாராமா, மாமாவுக்குக் கைவேலை ஒண்ணு குடுத்தா அத்தை கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்கன்னு. நல்ல தமாசான மனுசனுங்க.

பெட்டியத் தொறந்தா துண்டு துண்டா பிளாஸ்டிக்கு. வெட்டி எடுத்து, தேச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு நாமதான் பண்ணிக்கோணும். எடுத்ததுமே பெரிய தப்பு ஒண்ணு கண்டுபுடிச்சேன். ஸ்டியரிங் எடது பக்கம் இருக்குது. நம்மூருல எடது பக்கம் உக்காந்து எப்படிங்க ஓட்டறது? அவிநாசி ரோட்டுல ஒரு பஸ்ஸ முந்திப் போக முடியுங்களா? டேஷ்போர்டை அறுத்துத் திருப்பி வலது பக்கத்துக்குக் கொண்டாந்தேன். ஸ்டியரிங் மாறுனா பெடல் மாறோணும். பெடல் மாறுனா ஸ்டியரிங் தண்டும் எஞ்சினுக்கு வலது பக்கமாப் போகோணும். அப்புறம் பாத்தா வைப்பரும் எதிர்ப் பக்கம் சாஞ்சிருக்குது, அதையும் மாத்துனேன். சித்திரை வைகாசி ரெண்டும் இதுலயே ஓடிருச்சு. மாப்ள ஃபோன்ல பாத்துட்டு, ஏனுங்க மாமா, அசல் வண்டியில எடது பக்கந்தானே இருக்கும்னாரு. அசல் தப்பா இருந்தா அதுக்கு நான் என்ன பண்றதுங்க?

அந்த ரெண்டு மூணு மாசம் நல்லா இருந்துச்சுங்க. நான் இந்த டேபிள்ல உக்காந்திருப்பேன். அவ எதிர்ல உக்காந்து வெங்காயம் உரிப்பா, அவரைக்காய்க்கு நாரெடுப்பா. சண்டையில்ல. பேச்சும் இல்லதான், நான் ஒயர் ஒட்டறப்ப பேசுனா கை நடுங்கும், பேசாதேன்னு சொல்லியிருந்தேன். அதுக்கு மரியாதை குடுத்து அவ மூச்சுக் காட்ட மாட்டா. ஒயருக்கு மெல்லிசா ஒண்ணும் கெடைக்காம நான் திண்டாடுனப்ப, தையல் பெட்டியில இருந்து நூலெடுத்து மெழுகு தடவிக் குடுத்தது அவதான். பாருங்க, இந்த எட்டு ஒயரும் அவ நூலு.

என்னங்க, கண்ணைத் தேய்க்கறீங்க? எரியுதா? அது பெயிண்ட்டுல கலக்கற தின்னருங்க. சித்தெ நேரத்துல பழகிரும். எனக்கெல்லாம் இப்ப அந்த வாசனை இல்லாட்டித்தான் என்னமோ மாதிரி இருக்கும். கொழந்தையா? ஆமாமா, கொழந்தையக் கூட்டிட்டு வாங்க ஒருநாள், காட்டலாம். தொடாமப் பாத்துக்கோங்க.

எங்க விட்டேன். ஆங், நூலு. அதுக்கப்புறம் ஒருநாள் செவப்பு ரவிக்கைத் துண்டு ஒண்ணக் கொண்டாந்தா. சீட்டுக்கு உறை தெச்சுத் தரட்டுங்களான்னு கேட்டா. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அளவுன்னு ஒண்ணு இருக்குது அம்மணி. இந்தத் துணியில இருக்கற நூலை இருபத்துநாலு மடங்கு பெருசாக்கிப் பாரு, தாம்புக்கயிறாட்டம் வரும். அதுல யாரு உக்காருவாங்க? இந்த வண்டிக்குள்ள எது வந்தாலும் இந்த வண்டி அளவுக்கு இருக்கோணும்னு சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. அளவு முக்கியமுங்களாக்கும்னு சொல்லிட்டுத் துண்டை மடிச்சுக் கொண்டு போயி வெச்சுட்டா. சொன்னாப் புரிஞ்சுக்குவா, அது அவகிட்ட ஒரு நல்ல கொணம்.

பெயிண்ட்டு நானே கலந்தது. இந்த வெண்ணெய் நெறம் கடையில கெடைக்காதுங்க. வெள்ளையில மஞ்சள் ஒரு சொட்டு, காவி அரைச் சொட்டு. பானெட்டு மேல ரெண்டு கறுப்புப் பட்டை. பின் சக்கரம் பெட்டியில வந்தது இல்ல, வேற வாங்கி அகலமாப் போட்டிருக்கறேன். நம்பர் பிளேட்டு கோயமுத்தூர் நம்பர். ஒலகத்துல இந்த மாதிரி இன்னொண்ணு இருக்காதுங்க.

பொரட்டாசியில ஆயுத பூசை வந்துச்சு. கம்பெனியில பழைய ஆளுகளையும் பூசைக்குக் கூப்புடுவாங்க. பொரி கடலைப் பொட்டலம் குடுத்து அனுப்புவாங்க. போனேன். கார் பெயிண்ட் அடிச்சு அப்ப முழுசா எறுகல. மேல தொட்டாக் காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பச்சையா இருக்கும். தூசி படாம டப்பா போட்டு மூடி வெச்சுட்டுப் போனேன். பொட்டலத்தோட திரும்பி வந்து பாக்கறேன், கார் சாமி முன்னால நிக்குதுங்க.

என்ற கத்தி, அரம், ஸ்ப்ரே கன்னு, எல்லாத்தையும் தொடைச்சு வரிசையா வெச்சுப் பொட்டு வெச்சிருக்கறா. அது சரிங்க, ஆயுத பூசைன்னா அப்படித்தான். நடுவுல கார். பானெட்டுல சந்தனம், அது மேல குங்குமம். தண்ணியில கொழைச்ச குங்குமம். தீக்குச்சி முனையில தொட்டு வெச்சிருப்பாளாட்டம் இருக்குது, அத்தனை சின்னப் பொட்டு. நாலு சக்கரத்துக்கு அடியில நாலு சுண்டைக்காய். வண்டிக்கு எலுமிச்சம்பழந்தானே வெப்பாங்க, இதென்னடின்னு கேட்டேன். எலுமிச்சம்பழம் இந்த வண்டி அளவுக்குப் பெருசாயிருமுங்க, அதான் மார்க்கெட் பூராத் தேடி இதை வாங்கிட்டு வந்தேன்னா. இருக்கறதுல சின்னதா, நாலும் ஒரே அளவாப் பொறுக்கி எடுத்திருக்கறா. சிரிச்சுட்டே சொன்னாளுங்க. நான் பானெட்டைத்தான் பாத்துட்டிருந்தேன்.

சுண்டைக்காயே தப்புங்க, கணக்குப் போட்டாக் கடுகுதான் வெச்சிருக்கோணும். அது போகட்டும். பொட்டைத் தொடைச்சேன். சந்தனம் போயிருச்சு. குங்குமம் போகல. பச்சைப் பெயிண்ட்டுக்குள்ள செவப்பா எறங்கிருச்சு. தேய்க்கத் தேய்க்கப் பரவுது. எனக்குத் தலைக்கு மேல ஏறிருச்சு. கத்திட்டேன். அடுத்த ஊட்டுக்காரங்க கதவைத் தொறந்து பாத்தாங்க. வண்டிக்கு வெக்கறதைக் கொண்டாந்து பொம்மைக்கு வெச்சிருக்கறயே, புத்தி வேண்டாமான்னு கத்துனேன்.

அவ என்னையே பாத்தா. நீங்கதானுங்களே வண்டின்னீங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா. பேச்சுக்குப் பேச்சு.

என்னங்க தம்பி? இல்ல, நீங்க என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. ஒண்ணுமில்லீங்களா? சரி.

மறுநா பையை எடுத்துட்டுப் பொறப்பட்டுட்டா. பேரனைப் பாத்து நாளாச்சுன்னா. பஸ் ஏத்திவிடறேன்னேன், ஆட்டோ வந்துருச்சுன்னா. எப்ப வருவேன்னு கேட்டேன். உங்க வேலை முடியட்டுமுங்க, முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க, வர்றேன்னா. சண்டை போட்டுட்டுப் போகலீங்க. தயிருக்கு உறை ஊத்தி வெச்சுட்டுத்தான் போனா. சண்டை போட்டுட்டுப் போறவ தயிருக்கு உறை ஊத்துவாளா, நீங்களே சொல்லுங்க.

அந்தச் சுண்டைக்காய்கூட அங்கதான் கெடக்குது, சாமி பலகையில. காஞ்சு போயி மொளகாட்டம் ஆயிருச்சு. எடுத்துப் போடோணும். எங்க, நேரம் இருந்தாத்தானே.

அப்புறம் நான் பெயிண்ட்டை முழுசாச் சொரண்டி எடுத்துட்டுத் திரும்ப அடிச்சேன். நல்லா வந்துச்சு. காஞ்சப்புறம் பாத்தா ஓரத்துல ஒரு முடி ஒட்டியிருக்குது. நரைச்ச முடி. என்றதா அவளுதான்னு தெரியல. அதோட எப்படிங்க விடறது? தேச்சு எடுத்துட்டு மறுக்கா அடிச்சேன். இந்தத் தடவை மேல்பக்கம் நெறுநெறுன்னு வந்துருச்சு, ஆரஞ்சுப்பழத் தோலு மாதிரி. மழைக்காலம், காத்துல ஈரம். அதையும் எடுத்தேன். பொங்கலுக்கு மின்ன அடிச்சது பிரமாதமா வந்துச்சு. டியூப் லைட்டுல பாத்தா வெண்ணெய். வெயில்ல கொண்டு போயிப் பாத்தா ஒரு நூல் பச்சை அடிக்குது. யாருக்குங்க தெரியப் போகுது? ஆனா எனக்குத் தெரியுதே. அதையும் தேச்சு எடுத்துட்டு இன்னொருக்கா அடிச்சேன்.

பொங்கலுக்கு வர்றயான்னு அவளைக் கேக்கலாம்னு இருந்தேனுங்க. ஃபோன எடுத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கேட்டு, வர்லீன்னு சொல்லிட்டா? அதான், வேலையே முடியட்டும்னு விட்டுட்டேன். போன புதுசுல தெனமும் கூப்புடுவா. முடிஞ்சுதுங்களான்னு கேப்பா. இன்னும் இல்லேம்பேன். சரிங்கன்னு வெச்சிருவா. இப்ப வாரத்துக்கு ஒருக்கா கூப்புடறா. போன வாரம் கேக்கலீங்க. மறந்திருப்பா.

சோத்துக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. முக்குல மெஸ் இருக்குது. சாம்பார்ல உப்பு பத்தலேன்னு ஒருக்கா சொன்னேன். பக்கத்துல இருக்குது பாருங்க உப்பு, போட்டுக்கங்கன்னுட்டுப் போயிட்டான். அங்கெல்லாம் நம்ம பேச்சை யாரு கேக்கறாங்க? பேசறதுக்கு ஆளில்லீங்க தம்பி. அதுதான் கஷ்டம். சாயந்திரமானா சமையக்கட்டுல பாத்திரம் எடுக்கற சத்தம் கேக்கற மாதிரியே இருக்கும். எந்திரிச்சுப் போயிப் பாப்பேன். லைட்டைப் போட்டு வெச்சுட்டு வந்துருவேன். அவ இல்லாத ஊடு எனக்குப் புடிக்கலீங்க. சொல்றதுக்கென்ன, புடிக்கல.

காப்பி போடட்டுங்களா? ஏன், உக்காருங்க, அதுக்குள்ள எந்திரிக்கறீங்க. என்னங்க? பாப்பாவா? பாப்பாவுக்கு என்ன?

இருமலா.

இந்த வாசனை மேல வருதுங்களா? பெட்ரூம் ஜன்னல் வழியாவா? அடிச்சு முடிச்சதும் சித்தெ தொறந்து விடுவேன், அதானாட்டம். அடடா. எனக்குத் தெரியாதுங்க தம்பி. டாக்டரே சொல்லிட்டாருங்களா? அடக் கடவுளே. வந்ததும் சொல்லியிருக்கலாமே நீங்க. நானும் கார் பாக்க வந்தீங்கன்னு நெனைச்சுட்டேன். இருங்க, ஜன்னலத் தொறக்கறேன். இல்லையில்ல, தொறந்தாத்தானே உங்க ஊட்டுக்கு வரும். மூடியே வெக்கறேன். கோவிச்சுக்காதீங்க. பச்சைக் கொழந்தைக்கு ஆகாதுதான்.

இன்னும் எத்தனை நாளைக்கு அடிப்பீங்கன்னா கேக்கறீங்க? அதுங்க... முடிஞ்ச மாதிரித்தானே இருக்குதுங்கறீங்களா?

இருங்க. இந்த டார்ச்சப் புடிங்க. இந்தப் பூதக்கண்ணாடியும். சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, நேரா அடிச்சாத் தெரியாது. கம்பெனியில நாங்க அப்படித்தான் பாப்போம். மொதல்ல கூரை. அப்புறம் டிக்கி. ஒண்ணும் இல்லையா? கதவோரம் பாருங்க, அங்கதான் தேங்கி நிக்கும். இல்லையா? பானெட்டு? அந்தக் குங்குமம் இருந்த எடம், நல்லாப் பாருங்க. தெரியலையா? சுத்தமாவா?

அப்ப முடிஞ்சுதுங்களா.

ஆமா. நானும் நேத்தே பாத்தேன். முந்தாநேத்தும் பாத்தேன். குறை ஒண்ணும் கண்ணுல படல. என்ற கண்ணுதான் கெட்டுப் போச்சோன்னு நெனைச்சேன். சரி. அவளுக்குச் சொல்லிர வேண்டியதுதான். நீங்க உக்காருங்க தம்பி, ஒரு நிமிசம் உக்காருங்க. உங்க முன்னாலயே பேசிர்றேன். நீங்க இருந்தாப் பேசிருவேன்.

ரிங் போகுது.

அம்மணி, நாந்தான். ஆச்சு, மெஸ்ல சாப்ட்டேன். நீ சாப்ட்டயா? என்ன அங்க ஒரே சத்தமா இருக்குது? கும்மியா? யாரு, நீயா அடிக்கறே? யாரு சொல்லித் தர்றாங்க? பக்கத்து ஊட்டு அம்மாவா? சிரிக்காமச் சொல்லு, ஒண்ணும் வெளங்கல. எத்தனை பேரு? கோயில் திருவிழாவுலயா ஆடறீங்க? அதென்னைக்கு? சரி. முழங்கால் வலின்னயே. இப்ப இல்லையா? நல்லது. பேரன் என்ன பண்றான்? உன்ற கூட ஆடறானா? ஆடட்டும்.

இல்ல, சும்மாத்தான் கூப்புட்டேன். ஒண்ணும் விசேசமில்ல. ஊட்டுக்கு மேல் ஊட்டுத் தம்பி வந்திருக்கறாப்ல, கார் பாக்க.

காரா?

இல்ல அம்மணி. இன்னும் இல்ல. கொஞ்சம் இருக்குது. ஆமா, நீ இரு. அவங்க காத்துட்டிருப்பாங்க, நீ போ. வெச்சிர்றேன்.

வெச்சுட்டா.

ஏனுங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க? நீங்க சரியாப் பாக்கலீங்க. உங்களச் சொல்லிக் குத்தமில்ல, பழக்கமில்லாத கண்ணு. இதா, பானெட்டுல இந்த எடத்துல. தெரியலீங்களா? எனக்குத் தெரியுது. இதோட போயி முடிஞ்சுதுன்னு சொன்னா நாளைக்கு அவ வந்து பாத்துட்டு என்ன நெனைப்பா?

அந்தக் கிண்ணத்துல சித்தெ தண்ணி புடிச்சுட்டு வாங்க. அப்படியே அந்தக் கறுப்பு உப்புத்தாளையும் எடுங்க. பயப்படாதீங்க, தேய்க்கறப்ப வாசனை வராது, அடிக்கறப்பத்தான் வரும். அதுக்கு இன்னும் நாளிருக்குது. அடிக்கறதுக்கு மின்ன நானே மேல வந்து சொல்லிர்றேன், பாப்பாவைத் தூக்கிட்டு அன்னைக்கு எங்காச்சும் போயிட்டு வந்துருங்க.

கையப் புடிக்காதீங்க தம்பி. விடுங்க. மொதல்ல தேய்க்கறப்ப பாக்கறவங்களுக்கு அப்படித்தான் பதறும். இந்தப் பளபளப்புப் போனாத்தான் மறுக்கா அடிக்கறது ஒட்டும். பாருங்க, போச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது, முழுசாத் தேச்சுத்தான் ஆகோணும்.

உக்காருங்க. அவ வந்துருவாளுங்க. வேலை முடிஞ்சதும் வர்றேன்னுதானே சொல்லியிருக்கறா.